துரைசாணி குளியல்

குண்டசாலையில் நாங்கள் வாங்கிய வீட்டில் எல்லாமே பழசு. ஓடு பழசு, நிலைக்கதவு பழசு, தண்ணீர்க் குழாய்கள் அதைவிடப் பழசு. விற்றவர்கள் போகும்போது கதிரை, அலுமாரி, திரைச்சீலைக் கம்பி, சுவரில் அடித்திருந்த ஆணி வரைக்கும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குளியலறையில் இருந்த தொட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள். வார்ப்பிரும்பில் செய்து வெள்ளை எனாமல் பூசிய தொட்டி. ஓர் ஆள் காலை நீட்டி உட்காரலாம். ஆட்கள் சேர்ந்து இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லையாம்.

அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் எனக்கு வீடே பிடித்தது. கண்டியில் படிப்பிக்கிற ஆசிரியை வீடு பார்க்கப் போனால் பஸ் எத்தனை மணிக்கு, கூரை ஒழுகுமா, அக்கம்பக்கம் எப்படி என்று கேட்க வேண்டும். நானும் எல்லாவற்றையும் கேட்டேன். பதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். விழுந்தது. அங்கேயே நின்றபடி முடிவு செய்துவிட்டேன்.

தொட்டி இருந்த கோலம் வேறு கதை. அடியில், தண்ணீர் வெளியேறும் ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு எனாமல் பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிந்தது. அதன்மேல் துரு பொருக்குத் தட்டியிருந்தது. விளிம்பிலும் அங்கங்கே சில்லுப் போயிருந்தது. யாரோ அதற்குள் சீமெந்து குழைத்து, காய்ந்ததை அலவாங்குக் கம்பியால் குத்தி எடுத்திருக்க வேண்டும். அந்த நிலையில் உள்ளே உட்கார்ந்தால் தோல் கிழிந்துவிடும்.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி புடிச்சு வைக்கத் தோதா இருக்கும்" என்றார். அவருக்கு உலகத்தில் எந்தப் பொருளும் ஏதோ ஒன்றைப் பிடித்து வைக்கத்தான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அது கடும் வறட்சிக் காலம். எங்கள் தெருவுக்குக் கிழமையில் புதனும் சனியும்தான் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் விடியற்காலையில். குழாய் முதலில் காற்றை ஊதிச் சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவே எழுந்து ஓடும். குடம், வாளி, கழுவின சட்டி, கழுவாத சட்டி, குழந்தையின் பேசின் எல்லாம் குழாய்க்குக் கீழே போகும். வீட்டில் நிறையாத பாத்திரம் ஒன்று மிச்சமிருந்தால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவமானம்.

என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், எங்களைக் குடிவைத்துவிட்டுப் போக வந்து, குடிவைத்த பிறகும் போகாமல் இருந்தார். நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் வந்து சாமான் வாங்குகிற கடை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று வளர்ந்தவர் மதினி. இந்தப் பக்கம் நின்று வளர்ந்த வீட்டிலிருந்து தம்பி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்ததை அவரால் கடைசிவரை செரிக்க முடியவில்லை.

தொட்டியைச் சரிபண்ணி அதில் குளிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"தன் அழுக்குலயே தான் ஊறிக் கெடக்குறதுக்குப் பேரு குளியலா? பொணத்தைத்தான் அப்படிப் படுக்க வச்சுக் குளிப்பாட்டுவாங்க."

"நான் உசிரோடதான் உக்காருவேன், மதினி."

"பீலியில நின்னு குளிச்சவளுக்கு இப்ப துரைசாணி குளியல் கேக்குதாக்கும்."

துரை என்றால் தோட்டத்து அதிகாரி, துரைசாணி அவர் மனைவி. பங்களாக் குளியலறையில் இப்படித் தொட்டி ஒன்று இருக்கும் என்று நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான். மதினி அதைச் சும்மா வாய்த்துடுக்காகச் சொல்லியிருக்கலாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. ஏனென்றால் அவர் சொன்னது முழு உண்மை. பீலியில் நின்று குளித்ததனால்தான் எனக்கு அந்தத் தொட்டி வேண்டியிருந்தது.

இப்போது சிலர் பீலியைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறார்கள். மலைத் தண்ணீராம், மூலிகை வாசமாம், பறவைச் சத்தமாம். அவர்கள் யாரும் அதில் தினமும் குளித்தவர்கள் இல்லை. எங்கள் பீலி, நாங்கள் இருந்த வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே, சரிவிலிருந்து தண்ணீர் ஒரு தகரக் குழாய் வழியாக வந்து விழுகிற இடம். மறைப்பு கிடையாது. மேலே ரோடு. கொழுந்து ஏற்றிக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகிற லொறி அந்த வளைவில்தான் வேகத்தைக் குறைக்கும். கங்காணி அந்த வழியாகத்தான் போவார், வருவார். நெஞ்சுக்கு மேலே துணியை இறுக்கி முடிந்து குறுக்குக்கட்டோடு நின்றுதான் எல்லாப் பெண்களும் குளித்தோம். ஈரத் துணியை அவிழ்க்காமலே அதன்மேல் காய்ந்த துணியைப் போட்டு, ஓர் அங்குலம் தோல் தெரியாமல் மாற்றுகிற வித்தையை எட்டு வயதுக்கு முன்பே கற்றுக்கொண்டேன். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே நிற்கிற யாராவது, "சீக்கிரம் வாடி, ஆள் வருது!" என்பார்கள். அல்லது அடுத்தவளுக்கு முறை வந்துவிடும். அல்லது அம்மா கூப்பிடுவாள். யாரும் கூப்பிடாமல் நான் ஒரு தடவையாவது குளித்து முடித்ததாக நினைவே இல்லை.

பிறகு விடுதியில் படித்தபோதும் பொதுத் தண்ணீர்த் தொட்டிதான், வரிசைதான். கலியாணத்துக்குப் பிறகு இருந்த வாடகை வீட்டில் குளியலறை இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான்: பூட்டிய கதவு, சுடுதண்ணீர், போதும் என்று நானே நினைக்கும்வரை நேரம். இதைக் கேட்பதற்கு ஒருத்தி துரைசாணியாகப் பிறந்திருக்க வேண்டுமென்றால், அந்த நியாயத்தை நான் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மதினி வாசலிலேயே சேதி சொன்னார். திகனையிலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சம்மட்டியோடு வருகிறார்களாம். வார்ப்பிரும்பு அடித்தால் உடையும். துண்டு துண்டாக வெளியே கொண்டுபோய்விடலாம், கதவைப் பெயர்க்கத் தேவையில்லை. தொட்டி போன இடத்தில் இரண்டு பீப்பாய் வைக்கலாம்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அக்காவுக்கா எனக்கா என்று தெரியவில்லை, அவருடைய தலை எப்போதுமே இருவருக்கும் பொதுவாகத்தான் ஆடும்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அதைச் சரிபண்ணிட்டா?" என்று கேட்டேன்.

"யாரு பண்றது?"

"நான்தான்."

மதினி சிரித்தார். "பண்ணு பார்ப்போம். பண்ணிட்டா நான் வாயே தொறக்கல."

அவர் வாயைத் திறக்காமல் இருப்பதென்பது நடக்கிற காரியமா என்று நான் கேட்கவில்லை. கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் திரும்பி நடந்து திகனைக்கு பஸ் ஏறினேன்.

இரும்புச் சாமான் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது அழுக்கு வேலை, டீச்சர். மாப்பிள்ளைய அனுப்புங்களே, வெவரமாச் சொல்லித் தாறேன்."

"குளிக்கப் போறது நான். வேலை செய்யப் போறதும் நான். என்கிட்டயே சொல்லுங்க."

"சரி, சரி, கோவிக்க வேணாம்" என்று சிரித்துக்கொண்டே துரு தேய்க்கிற மண் கடதாசி, கலந்து அப்பினால் கல்லாக இறுகுகிற இரட்டைப் பசை, எனாமலுக்கென்று வருகிற வெள்ளைப் பூச்சு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். கடைசியில் விரலை உயர்த்தினார். "ஒரே ஒரு விசயம். பூசின பொறகு ஒரு கிழமைக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் படவே ஏலாது. பட்டா எல்லாம் வீண். விளங்கிச்சா?"

விளங்கியது. தண்ணீரே வராத ஊரில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதா பெரிய வேலை என்று நினைத்தேன்.

அன்று மாலையே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, துருவைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தேன். தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இரும்பு வெளுத்து மின்னும்வரை மண் கடதாசியால் தேய்த்தேன். பெயர்ந்த இடத்தின் ஓரங்களையும் தேய்த்துச் சரிவாக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது. என் நகங்களுக்குள் துரு ஏறி, மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதினி வாசலில் நின்று பார்ப்பார், போவார், மறுபடி வருவார். "பங்களாவுல வேலைக்குப் போனாக்கூட இவ்வளவு தேய்க்கச் சொல்ல மாட்டாங்க" என்பார். எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பசையைக் கலந்தால் கை கழுவி வருவதற்குள் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கோடு போடுகிற பழைய அடிமட்டத்தை உடைத்து அதன் விளிம்பால் அப்பி, வழித்து, காய்ந்த பிறகு மறுபடி தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எது பழைய எனாமல், எது நான் போட்டது என்று தெரியக்கூடாது. தெரியாமல் போகும்வரை தேய்த்தேன். வியாழக்கிழமை மாலை வெள்ளைப் பூச்சைக் கடைசித் தடவையாகப் பூசிவிட்டு நிமிர்ந்தபோது முதுகு என் வசத்தில் இல்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் பரீட்சையில் தேறியபோதுகூட இருந்ததில்லை.

ஒரு கிழமைக்குத் தண்ணீர் படக்கூடாது என்று இருவருக்கும் சொல்லிவைத்தேன். கணவர் வந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். மதினி ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சனிக்கிழமை விடியற்காலையில் குழாய் சீறியது. நான் வழக்கம்போல் கொல்லைப்புறத்துக்கு ஓடி, பீப்பாய்க்குள் ரப்பர் குழாயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீப்பாய் நிறைந்து, வாளிகள் நிறைந்து, உள்ளே வந்தபோதுதான் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நிறைந்த பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்.

தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. நான் பூசிய வெள்ளை, பால் ஆடையாகக் கிழிந்து தண்ணீரில் மிதந்தது. மதினி குழாயை மூடிக்கொண்டு நின்றார்.

நான் கத்தினேன். அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று நாவலப்பிட்டியிலிருந்து கடை, கல்லா, அவர்கள் வீட்டுப் பெருமை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கத்தினேன். வேண்டுமென்றேதான் செய்தீர்கள் என்றேன்.

மதினியின் முகம் வெளிறியிருந்தது. "வேணும்னு செய்யலடி. சாமி சத்தியமா ஞாபகமே இல்ல. தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு. காலி ஏனம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. திறந்து விட்டுட்டேன். வேற எவளா இருந்தாலும் விட மாட்டாளா?"

நான் உள்ளே நின்றிருந்தால் என் கையே அந்தக் குழாயைத் திறந்திருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சமையலறைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தது. பழைய இரும்புக்காரர் இரண்டு ஆட்களோடும் சம்மட்டியோடும் உள்ளே வந்து குளியலறையை எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், தொட்டி நிறையத் தண்ணி ஈக்கிதே? அடைப்பை இழுத்து விடுங்க, ஓடிப் போகட்டும். பொறகு நாங்க உடைக்கிறோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி குறுக்கே வந்து நின்றார்.

"என்னது, கொட்டுறதா? இவ்வளவு தண்ணியையுமா? புதன்கெழமை வரைக்கும் கக்கூசுக்கு ஊத்த உங்க வீட்டுலேருந்தா கொண்டாருவீங்க?"

"அம்மா, நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப தண்ணி இருக்கு. தண்ணி முடியட்டும், சொல்லி அனுப்புறேன். போயிட்டு வாங்க."

சம்மட்டிக்காரர் சிரித்துவிட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என் வேலையைக் கெடுத்த தண்ணீரே தொட்டியைக் காப்பாற்றிவிட்டது. நிறைந்த தண்ணீரைக் கொட்டச் சம்மதிக்கிற ஒரு பெண்ணை அந்த வறட்சியில் குண்டசாலை முழுக்கத் தேடினாலும் அந்த மனிதரால் கண்டுபிடித்திருக்க முடியாது.

தண்ணீர் தீரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அன்றே வாளி வாளியாக மொண்டு, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய அண்டாக்களில் நிரப்பினேன். தொட்டி காலியானதும் அதன் குழாயின் தலையைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி என்னைக் கேட்காமல் அதில் ஒரு சொட்டு விழாது. தினமும் அதைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியர் அறையில் பேனா தேடும்போது ஒருநாள் அது மேசையில் விழுந்தது. என்னவென்று கேட்டார்கள். "என் வீட்டுச் சாவி" என்றேன்.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். சுரண்டல், தேய்ப்பு, பசை, மறுபடி தேய்ப்பு, பூச்சு. கடைக்காரர், "தண்ணி பட்டுப் போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார், நான் முறைத்த பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை மதினி வாசலில் வந்து நின்று பேசவில்லை. தண்ணீர் வருகிற நாட்களில் குளியலறைப் பக்கமே போகாமல், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சமையலறையில் நிற்பதைப் பார்த்தேன். அதற்காக அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கிவிடவில்லை. அவர் இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை, அது போதும்.

பூச்சு நன்றாக இறுகியபிறகு ஒரு சனிக்கிழமை குழாயின் தலையைத் திரும்பப் பொருத்தி, தொட்டியைப் பாதிக்கு நிரப்பிப் பலகையால் மூடி வைத்தேன். புதன்கிழமை புதுத் தண்ணீர் வரும் என்ற தைரியத்தில், அந்தப் புதன் விடிவதற்கு முன்பே எழுந்து, பெரிய பானைகளில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சுமந்து ஊற்றினேன். மதினி படுக்கையிலிருந்தபடியே, "இத்தனை தண்ணியும் ஒருத்திக்கா!" என்றார். ஆமாம், ஒருத்திக்குத்தான். பிறகு அதே தண்ணீர் கொய்யாமரத்துக்குப் போகும், கக்கூசுக்குப் போகும். ஆனால் முதலில் எனக்கு.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். நான் ஒட்டுப்போட்ட இடம் மற்ற வெள்ளையைவிடக் கொஞ்சம் நீலம் பாரித்துத் தெரிந்தது. குதிகாலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வெந்நீர் இடுப்பைச் சுற்றி ஏறியது. அப்போதுதான் பார்த்தேன், நெஞ்சுக்கு மேலே துணி இறுக்கி முடிந்திருந்தது. பூட்டிய அறையில், ஒருவரும் இல்லாத இடத்தில், என் கை தன் பாட்டில் குறுக்குக்கட்டைக் கட்டிவிட்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். முடிச்சை அவிழ்த்து, ஈரத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு இல்லை. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

குழாய் சீறியது.

என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே மடங்கின. கைகள் விளிம்பைப் பிடித்து உடம்பைப் பாதி தூக்கிவிட்டன. தெருவில் வாளிகள் உருளுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ ஓடுகிற சத்தம். மதினி கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

"தண்ணி வந்துருச்சு! பீப்பாய் காலியாக் கெடக்கு! சீக்கிரம் வாடி வெளிய!"

நான் விளிம்பைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். மறுபடி தண்ணீருக்குள் அமர்ந்தேன்.

"வரட்டும், மதினி."

"என்னது?"

"வரட்டும்னேன். நான் குளிச்சிக்கிட்டு இருக்கேன்."